விசும்பலைக் கழித்துவிட்டு

(மேற்கத்திய இசை ரசிகர்களின் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பரோக் காலத்துத் தேவாலயச் சேர்ந்திசைப் படைப்பு ஒன்று நேரடி நிகழ்ச்சியில் பதிவாகியிருந்தால் அதை எப்படி எடைபோடுவது என்று பேசச் சொல்லி அழைத்தார்கள். தலைப்பைப் பொதுவாக வைத்துக்கொண்டால் ஒன்றுமே சொல்லாமல் ஒரு மணி நேரத்தை ஓட்டிவிட முடியும். அந்த வசதி எனக்கு வேண்டாம். ஒரே ஒரு பதிவை எடுத்துக்கொள்கிறேன். 1939 ஏப்ரல் 2, குருத்தோலை ஞாயிறு. ஆம்ஸ்டர்டாமின் கான்செர்ட்கெபாவ் மண்டபத்தில் வில்லெம் மெங்கல்பெர்க் நடத்திய பாக்கின் மத்தேயு பாஷன். ஆவ்ரோ என்ற டச்சு வானொலி நிறுவனம் பதிவு செய்தது. 1950களில் பிலிப்ஸ் அதை எல்பி தட்டுகளாக வெளியிட்டது. பிறகு சிடியாகவும் வந்தது.

இதை ஏன் எடுத்தேன் என்றால், இந்தப் பதிவை யார் அறிமுகப்படுத்தினாலும் இசைக்கு முன்னால் இரண்டு செய்திகளைச் சொல்லிவிடுகிறார்கள். அடுத்த ஐந்து மாதத்தில் உலகப் போர் வெடித்தது, 1940 மே 10 அன்று ஜெர்மானியப் படை நெதர்லாந்துக்குள் புகுந்தது என்பது ஒன்று. ஆல்ட்டோ பாடும் ‘எர்பார்மெ டிஹ்’ ஆரியாவின்போது அவையில் யாரோ விசும்புவது பதிவில் கேட்கிறது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் காதில் விழுந்த பிறகு, “அந்தக் கோரால் கொஞ்சம் இழுவையாக இருக்கிறதே” என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? சாவு வீட்டில் உட்கார்ந்து ரசத்துக்கு உப்புப் போதவில்லை என்பது போல ஆகிவிடும்.

ஆனால் போர் மெங்கல்பெர்க் நடத்திய இசையில் இல்லை. விசும்பியவர் பாடகர் குழுவிலும் இல்லை. இரண்டையும் கணக்கிலிருந்து கழித்துவிட்டு என்ன மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நிறையவே மிஞ்சுகிறது. காணாமல் போவதும் கொஞ்சமல்ல.

படைப்போடு பழக்கமில்லாதவர்களுக்காக நாலு வார்த்தை. மத்தேயு சுவிசேஷத்தின் 26, 27ஆம் அதிகாரங்கள், லூத்தரின் ஜெர்மன் மொழிபெயர்ப்பில், ஒரு சொல் விடாமல் இசையாகியிருக்கின்றன. இடையிடையே வரும் தியானப் பாட்டுகளை எழுதியவர் பிக்காண்டர் என்ற புனைபெயர் கொண்ட லைப்சிக் கவிஞர். 1727 ஏப்ரல் 11, பெரிய வெள்ளியன்று லைப்சிக்கின் தோமா ஆலயத்தில் மாலை ஆராதனையின் பகுதியாக முதன்முதலில் பாடப்பட்டது என்பது இன்றைய ஆய்வாளர்களின் முடிவு. இரண்டு பாகம், நடுவில் பிரசங்கம். இரண்டு பாடகர் குழு, இரண்டு ஆர்கெஸ்ட்ரா. கதையைச் சொல்பவர் ஒரு டெனர். சுவிசேஷகர் என்று பெயர். இயேசுவின் வாய்மொழி பாஸ் குரலுக்கு. அவர் பேசும்போதெல்லாம் தந்திவாத்தியங்கள் ஒளிவட்டம் போலச் சூழ்ந்து நிற்கும். சிலுவையில் தன்னை ஏன் கைவிட்டாய் என்று கேட்கும் இடத்தில் மட்டும் அந்தத் தந்திகள் விலகிவிடும். கூட்டத்தின் கூச்சல்கள், தனிக்குரல் ஆரியாக்கள், சபை மக்கள் அறிந்த கோரால்கள் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய மூன்று மணி நேரம்.

இனி ‘நேரடிப் பதிவு’ என்பதற்கு வருவோம். உறையில் அப்படி அச்சிட்டிருப்பதை உடனே நம்பிவிடாதீர்கள். இன்று அந்தப் பெயரில் வருபவற்றில் பெரும்பாலானவை இரண்டு மூன்று இரவுகளின் நிகழ்ச்சிகளையும், அன்று மதியம் நடந்த ஒத்திகையையும், அவை கலைந்த பிறகு சில இடங்களைத் திரும்பப் பாடவைத்து எடுத்த துண்டுகளையும் கணினியில் ஒட்டியவை. அதில் மோசடி ஏதும் இல்லை. ஆனால் காதுக்குத் தெரியும். கான்செர்ட்கெபாவ் மண்டபத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்கள் இல்லாதபோது அங்கே ஒலி தேய்ந்து மறைய 2.8 வினாடி ஆகும். நிறைந்த அவையில் 2.2 வினாடி. கம்பளிக் கோட்டு போட்ட ஈராயிரம் பேர் அரை வினாடிக்குமேல் குடித்துவிடுகிறார்கள். ஒத்திகையில் எடுத்த ஒரு கோராலை நிகழ்ச்சிக்குள் செருகினால், அதன் கடைசி ஸ்வரம் மட்டும் காலி மண்டபத்தில் நீளும். கூர்ந்து கேட்பவர் அந்தத் தையலைப் பிடித்துவிடுவார்.

1939 பதிவில் அந்த விவகாரமே இல்லை. ஒரே நாள், ஒரே ஓட்டம். அதைச் சாத்தியமாக்கியது பிலிப்ஸ்-மில்லர் என்ற முறை. அக்காலத்து இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் நாலரை நிமிடம் கொண்டால் அதிகம். பிலிப்ஸ்-மில்லர் முறையில் தட்டுக்குப் பதில் படச்சுருள். ஒளி ஊடுருவும் சுருளின்மேல் மெல்லிய கருப்புப் பூச்சு. அதை ஒரு நீலக்கல் முனை ஒலியின் அசைவுக்கேற்ப அகலமாகவும் குறுகலாகவும் சுரண்டிக்கொண்டு போகும். திரும்பக் கேட்கும்போது ஊசி கிடையாது. சுரண்டிய தடத்தின் வழியே ஒளியைப் பாய்ச்சி ஒலியாக மாற்றுவார்கள். அதனால் தேய்மானம் இல்லை, தட்டின் கரகரப்பும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக நாலரை நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்த வேண்டியதில்லை. இதன் மதிப்பை உணர இன்னொரு பதிவை ஒப்பிட வேண்டியிருக்கும், சற்றுப் பொறுங்கள்.

கச்சேரிப் பதிவு நமக்குப் புதிதல்ல. கர்நாடக இசை ரசிகர் பொத்திப் பாதுகாப்பது பெரும்பாலும் யாரோ எந்தச் சபையிலோ எடுத்த கச்சேரி நாடாவைத்தான். ஸ்டூடியோத் தட்டு நமக்கு இரண்டாம் பட்சம். மேற்கத்திய சேர்ந்திசை உலகில் நிலைமை தலைகீழ். அங்கே ஸ்டூடியோப் பதிவே ஆதார நூல், நேரடிப் பதிவு ஒரு நினைவுப் பொருள். அதற்காக நம் காதின் பழக்கத்தை அப்படியே அங்கே எடுத்துச் செல்லவும் முடியாது. மத்தேயு பாஷனில் ஒவ்வொரு ஸ்வரமும் எழுதி வைத்தது. ஆல்ட்டோ பாடகிக்கு ‘எர்பார்மெ டிஹ்’ நடுவில் நிரவல் தோன்றாது. அப்படியானால் அன்று அந்த மண்டபத்தில் மட்டுமே பிறந்தது என்று எதைச் சொல்வது? வேகம், மூச்சு, அழுத்தம். அவற்றைவிட முக்கியமாக, ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் இடையில் விடப்படும் இடைவெளி.

இந்த மூட்டுதான் நான் எப்போதும் பார்க்கும் இடம். ஸ்டூடியோவில் மூட்டுகளைக் கத்திரிக்கோல் போடுகிறது. சுவிசேஷகரின் வசனப் பகுதிகளை ஒரு நாள் மொத்தமாகப் பாடவைத்து, பாடகர் குழுவை வேறொரு நாள் வரவழைத்து, இடையில் எத்தனை வினாடி மௌனம் என்பதைத் தயாரிப்பாளர் மேசையில் உட்கார்ந்து முடிவு செய்யலாம். நேரடி நிகழ்ச்சியில் அந்த மௌனத்தை அறுபது வாத்தியக்காரர்களும் பல நூறு பாடகர்களும் சேர்ந்து சுமக்க வேண்டும். மத்தேயு பாஷனோ மூட்டுகளாலேயே ஆன படைப்பு. உங்களில் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான் என்று இயேசு சொன்னதும் சீடர்கள் நானா, நானா என்று பதறுகிறார்கள். எண்ணிப் பாருங்கள், அந்தக் கேள்வி பதினொரு முறை வரும். பன்னிரண்டாவது ஆள் யூதாஸ், அவன் அப்போது கேட்பதில்லை. கேள்வி முடிந்த கையோடு ஒரு கோரால் தொடங்கி, ‘நான்தான்’ என்ற பொருளில் பதில் சொல்கிறது. கேட்டவர்கள் பாலஸ்தீனத்துச் சீடர்கள், பதில் சொல்வது லைப்சிக் சபை. அந்தப் பதினேழு நூற்றாண்டையும் ஒரு மூச்சில் தாண்ட வேண்டும். நடத்துநர் அங்கே பக்கத்தைப் புரட்டி, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, நிதானமாகத் தொடங்கினால் பாக்கின் எண்ணம் சிதறிவிடும்.

மெங்கல்பெர்க் இந்த மூட்டுகளில் மன்னன். பிலாத்து யாரை விடுதலை செய்யட்டும் என்று கேட்கிறான். கூட்டம் ஒரே சொல்லாகப் பரபாஸின் பெயரைக் கத்துகிறது. இரண்டு குழுவும் சேர்ந்து ஒரே ஒரு குறை-ஏழாம் ஸ்வரக்கூட்டில் அடிக்கும் அடி அது. ஸ்டூடியோப் பதிவுகளில் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும், பயம் இருக்காது. இங்கே அந்தச் சத்தம் ஒலிவாங்கியின் கொள்ளளவை மீறி உடைகிறது. பதிவுப் பொறியாளர் பார்வையில் அது பிழை. எனக்கு அந்தப் பிழை வேண்டும். பல நூறு பேர் முன்கூட்டியே எச்சரிக்கையாகக் குரலைப் பத்திரப்படுத்திக்கொள்ளாமல் ஒன்றாகப் பாய்ந்ததால் வந்த பிழை அது. தவறுகளை எண்ணிப் பட்டியல் போடுவது விமர்சகர்களின் சோம்பேறித்தனம் என்று எனக்கு எப்போதும் தோன்றும். துணிந்ததால் வரும் தவறு ஒரு ஜாதி, பக்கத்தில் இருப்பவரைக் கேட்காததால் வரும் தவறு வேறு ஜாதி. முதல் வகைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டேன்.

மூட்டுகளைக் கட்டிக் காப்பவர் நடத்துநர் மட்டுமல்ல, சுவிசேஷகரும்தான். கார்ல் எர்ப்புக்கு அன்று வயது 61. 1917இல் மியூனிக்கில் ஃபிட்ஸ்னரின் ‘பாலஸ்ட்ரீனா’ ஆப்பராவில் தலைப்புப் பாத்திரத்தை முதன்முதலில் பாடியவர். 1939இல் குரலில் செழுமை குறைந்து எலும்பு தெரிகிறது. அது நல்லதாகப் போயிற்று. அவர் பாடுவதாகவே தோன்றாது. பார்த்த ஒன்றைச் சொல்கிறார், சொல்லச் சொல்ல அவருக்கே தாங்கவில்லை. பேதுரு மூன்று முறை மறுதலித்து, சேவல் கூவி, வெளியே போய் மனங்கசந்து அழுதான் என்ற இடத்தில் பாக் அந்த அழுகையைச் சொல்லும் சொல்லையே நீட்டி வளைத்து எழுதியிருக்கிறார். இளம் டெனர்கள் அங்கே அழகு காட்டுவார்கள். எர்ப் அந்த வளைவில் குரலை மெலிய விட்டு, ஏறக்குறைய மறைந்துவிடுகிறார். ஒன்றரை மணி நேரத்துக்குமேல் பாடியதால் வந்த களைப்பும் அதில் சேர்ந்திருக்கிறது. களைப்பை ஸ்டூடியோவில் நடிக்கலாம், வரவழைக்க முடியாது.

ஒப்பிட வேண்டிய பதிவு என்றேனே, அது இதுதான். இதே எர்ப் 1941இல் லைப்சிக்கில் கூந்தர் ராமின் நடத்திய மத்தேயு பாஷனிலும் சுவிசேஷகராகப் பாடியிருக்கிறார். ராமின் அப்போது தோமா ஆலயத்தின் கான்டர், அதாவது பாக் வகித்த அதே பதவியில் இருந்தவர். பாடியது தோமா பள்ளிச் சிறுவர்கள். மரபு என்று பார்த்தால் அதற்குமேல் என்ன வேண்டும்? ஆனால் அது இசைத்தட்டுகளுக்காகப் பதிவு செய்தது. நாலைந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்தம். அதே மனிதர், அதே வசனங்கள், இரண்டு வயது கூடுதல். உச்சரிப்பு துல்லியம்தான், குரலும் கெட்டுவிடவில்லை. இருந்தும் ஒவ்வொரு பக்கமும் புதிதாக மேடையேறுவது போல இருக்கிறது. கதை ஏறிக்கொண்டே போகும் உணர்வு வரவில்லை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் நேரடிப் பதிவின் பெருமை என்ன என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

இதுவரை புகழ்ந்தாகிவிட்டது. இனி குறைகள், அவற்றில் முதல் குறை பெரிது. முதல் சேர்ந்திசையில் ஒரு குழு வாருங்கள், பாருங்கள் என்று அழைக்க, மற்றக் குழு யாரை, எப்படி, எதை, எங்கே என்று குறுக்கே கேள்வி போடும். இவ்விரண்டுக்கும் மேலே சிறுவர்களின் குரலில் தேவ ஆட்டுக்குட்டியைப் பற்றிய கோரால் தனியே மிதக்கும். 1736இல் திருத்திய வடிவத்தைப் பாடியபோது ஆலயத்தின் இரண்டு ஆர்கன்களையும் பாக் பயன்படுத்தினார். ஆக, இந்த இசைக்கு இடமும் வலமும் உயரமும் உண்டு. 1939 பதிவோ மோனோ. மூன்று திசையிலிருந்து வர வேண்டியவை ஒரே புள்ளியில் குவிந்து மோதுகின்றன. சொற்கள் பல இடங்களில் கரைந்துவிடுகின்றன. மண்டபத்தில் இருந்தவர்கள் எல்லாவற்றையும் பிரித்துக் கேட்டிருப்பார்கள், சந்தேகமில்லை. மெங்கல்பெர்க்கின் குற்றமல்ல என்பதும் சரி. ஆனால் நாம் தீர்ப்பு எழுதுவது நிகழ்ச்சிக்கு அல்லவே, பதிவுக்கு. அந்த நிகழ்ச்சிக்கு நாம் போகவில்லை. பதிவில் இல்லாததைக் கற்பனையால் நிரப்பி மதிப்பெண் போடும் பழக்கம் பழைய பதிவுகளின் ரசிகர்களிடம் அதிகம்.

அடுத்தது வெட்டுகள். பல ஆரியாக்களையும் சில கோரால்களையும் மெங்கல்பெர்க் நீக்கிவிட்டார். “அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான்” என்று வக்காலத்து வாங்குவார்கள். பாதி உண்மை. 1829 மார்ச் 11 அன்று பெர்லினில் இருபது வயது மெண்டல்ஸோன் இந்தப் படைப்பைத் தூசு தட்டி எடுத்தபோதே ஆரியாக்களில் பெரும்பகுதியை வெட்டித்தான் பாடவைத்தார். அந்தப் பழக்கம் நூறாண்டு ஓடியது. ஆனால் மறு பாதியையும் சொல்ல வேண்டும். மெங்கல்பெர்க்கின் பிரம்மாண்டத்தைப் பிடிக்காதவர்கள் 1921இல் நெதர்லாந்து பாக் சங்கத்தைத் தொடங்கினார்கள். இந்த இசை கச்சேரி மண்டபத்துக்கு உரியதல்ல, ஆலயத்துக்கு உரியது. வெட்டாமல் முழுதாகப் பாட வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. 1922 முதல் நார்டன் என்ற சிற்றூரின் பெரிய ஆலயத்தில் அப்படியே பாடியும் வந்தார்கள். நார்டன் ஆம்ஸ்டர்டாமிலிருந்து இருபது கிலோமீட்டர்தான். எனவே 1939இல் முழு வடிவம் எங்கே கேட்கும் என்று தேட வேண்டிய நிலையில் மெங்கல்பெர்க் இல்லை. மறுப்பு அவர் வாசலிலேயே நடந்துகொண்டிருந்தது. 1899 முதல் ஆண்டுதோறும் நடத்திவந்த நிகழ்ச்சி அது, தன் வழியே சரி என்று வெட்டினார். காலத்தின்மேல் பழிபோட வழியில்லை. ஆரியாக்கள் கதையை நிறுத்தி மனதுக்கு இடம் தருபவை. அவற்றை உருவினால் இரண்டாம் பாகம் ஒரு துயரச் செய்தித் தொகுப்பாகச் சுருங்கும். இங்கே ஓரளவு அப்படித்தான் ஆகிறது.

வேகத்தைப் பற்றிப் பலரும் கேட்பார்கள். முதல் சேர்ந்திசைக்கு மெங்கல்பெர்க் பதினொரு நிமிடத்தை ஒட்டி எடுத்துக்கொள்கிறார். இன்று பழங்கால வாத்தியங்களோடு பாடுபவர்கள் ஆறு ஏழு நிமிடத்தில் முடிக்கிறார்கள். ஆள்கணக்கும் அப்படித்தான் மாறிவிட்டது. 1730இல் லைப்சிக் நகர மன்றத்துக்குக் கொடுத்த மனுவில் ஒரு குழுவுக்குக் குறைந்தது பன்னிரண்டு பாடகர்கள், பதினாறு இருந்தால் நல்லது என்று பாக் கேட்கிறார். 1981இல் ஜோஷுவா ரிஃப்கின் இன்னும் ஒரு படி போய், பாக்கின் ‘பாடகர் குழு’ என்பதே பெரும்பாலும் பகுதிக்கு ஒருவர்தான் என்று வாதிட்டார். பால் மக்ரீஷ் அந்த வழியில் மத்தேயு பாஷனை ராஸ்கில்டே பேராலயத்தில் பதிவு செய்திருக்கிறார். ரிஃப்கினின் வாதத்தை முழுதாக ஏற்காதவர்கள் இன்றும் உண்டு, ஆனால் நூற்றுக்கணக்கானவர்கள் பாடினார்கள் என்று வாதிட யாரும் இல்லை.

அப்படியிருக்க மெங்கல்பெர்க்கை வேகத்துக்காகத் தள்ளிவிடலாமா? கடிகாரத்தை வைத்துத் தீர்ப்பு எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. நான் கேட்பது நடை இருக்கிறதா என்று. அந்தச் சேர்ந்திசையின் தொடக்கத்தில் அடிக்குரல் வாத்தியங்கள் ஐந்து அளவைகளுக்கு ஈ ஸ்வரத்திலேயே நின்று துடிக்கும். மேலே எல்லாம் நகரும். பன்னிரண்டு எட்டாம் தாளத்தின் ஆட்டம் அந்தத் துடிப்பில்தான் இருக்கிறது. மெங்கல்பெர்க்கிடம் அது பாரமாக நடக்கிறது, ஆனால் நடக்கிறது. ஊர்வலம் நிற்கவில்லை. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் அவர் பிரேக் போடும்போதுதான் எனக்குப் பொறுமை போகிறது. முதல் தடவை கம்பீரமாக இருக்கிறது. நாலாவது தடவை, இதோ போடப்போகிறார் என்று நாமே எதிர்பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். நேரடி நிகழ்ச்சியில் ஒருமுறை கேட்டுப் போகிறவருக்கு இது உறுத்தாது. பதிவு மறுபடி மறுபடி கேட்பதற்கானது. பழக்க தோஷம் அங்கே அம்பலமாகும்.

‘எர்பார்மெ டிஹ்’ பகுதிக்கு வருகிறேன். பேதுரு அழுத உடனே வருவது. முதலில் தனி வயலின், பிறகு ஆல்ட்டோ. வயலினில் வரும் முழு ராகவரியை பாக் பாடகிக்குக் கொடுப்பதே இல்லை. அவள் எப்போதும் அதன் எளிய வடிவத்தைத்தான் பாடுகிறாள், சொல்ல முடியாததை வயலின் சொல்லிக்கொண்டிருக்கும். பதிவில் வயலின் லூயி ஸிம்மர்மன், குரல் ஹங்கேரியப் பாடகி இலோனா டுரிகோ. இருவரும் ஸ்வரத்துக்கு ஸ்வரம் வழுக்கிச் செல்கிறார்கள். இன்றைய மேற்கத்தியக் காதுக்கு இந்த வழுக்கல் கூச்சம் தரும். ஜாரு கேட்டுப் பழகிய நமக்கு அவ்வளவு உறுத்தாது என்பதை நம் பக்கச் சார்பாகவே ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சார்பைத் தள்ளிவைத்துக் கேட்டாலும் ஸிம்மர்மனின் வழுக்கலில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஸ்வரக்கூட்டு இறுகும் இடங்களில் நீள்கிறது, தளரும் இடங்களில் விடுகிறார். டுரிகோவிடம் அந்தத் தேர்வு குறைவு. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இழைகிறார். நான் வயலினுக்காக இதைக் கேட்பேன்.

விசும்பலைக் கழிக்க வேண்டிய இடமும் இதுதான். ஒலிவாங்கி அவைக்கு எவ்வளவு அருகில் இருந்தது என்பதை அந்தச் சத்தம் சொல்கிறது. பாட்டு எப்படியிருந்தது என்பதைச் சொல்லவில்லை. சுமாரான பாட்டுக்கும் மனிதர்கள் அழுவார்கள். சொந்தத் துக்கம், ஊர்ச் செய்தி, பக்கத்தில் காலியாகக் கிடக்கும் நாற்காலி என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். அந்த ஆளின் கண்ணீரை மெங்கல்பெர்க்கின் கணக்கில் வரவு வைக்க நமக்கு உரிமை இல்லை.

எதிர்ப்பக்கக் கணக்கும் ஒன்று இருக்கிறது, அதையும் கழித்தாக வேண்டும். ஆக்கிரமிப்புக் காலத்தில் ஜெர்மானியரோடு இணக்கமாக நடந்துகொண்டதற்காக 1945இல் நெதர்லாந்து மெங்கல்பெர்க்கை மேடையிலிருந்து விலக்கியது. அரை நூற்றாண்டு தலைமை தாங்கிய ஆர்கெஸ்ட்ராவுக்கு அவர் திரும்பவே இல்லை. 1951இல் ஸ்விட்சர்லாந்தில் இறந்தார். அவர் ஆர்கெஸ்ட்ராவில் இருந்த யூத இசைஞர்கள் ஆக்கிரமிப்பில் வேலையிலிருந்து நீக்கப்பட்டவர்கள். 1939 பதிவில் பாஸ் ஆரியாக்களைப் பாடும் ஹெர்மன் ஷேய் ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து நெதர்லாந்துக்கு வந்துசேர்ந்த யூதர். இதெல்லாம் தெரிந்தபின் பதிவைப் போட்டால் மனம் வேறு பக்கம் சாய்கிறது. ஒவ்வொரு பெரிய முழக்கத்திலும் அகங்காரம் கேட்கத் தொடங்குகிறது. முன்பு விசும்பல் அவரை மகானாக்கியது போல இது அவரை வில்லனாக்குகிறது. அந்த மனிதரைப் பற்றிய விசாரணை தேவையானது, வேறு அவையில் நடக்க வேண்டியது. 1939 ஏப்ரலில் குச்சியைப் பிடித்த கைக்கு இரண்டுமே தெரியாது.

கோரால்கள் பற்றி எனக்கு ஒரு தீர்மானமான கருத்து உண்டு. இந்தப் படைப்பில் ஹான்ஸ் லியோ ஹாஸ்லரின் ஒரே மெட்டு, 1601இல் காதல் பாட்டாக அச்சேறி, பிறகு ஜெபமாக மாறிய மெட்டு, ஐந்து முறை வேறு வேறு சுருதியில் திரும்பி வருகிறது. பால் கெர்ஹார்ட்டின் பாடலோடு உலகெங்கும் போனது. 1706இல் தரங்கம்பாடியில் மிஷனரி ஸீகன்பால்க் வந்திறங்கியதிலிருந்து ஜெர்மன் லூத்தரன் ஞானப்பாட்டுகள் தமிழாகத் தொடங்கின; இந்த மெட்டும் அந்த வழியில் நம் சபைகளுக்கு வந்தது. இன்றும் லூத்தரன் ஆலயங்களில் பெரிய வெள்ளியன்று தமிழில் பாடுகிறார்கள். அப்படிப் பாடி வளர்ந்தவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். வரிக்கு வரி எல்லோரும் மூச்சு வாங்கி, ஆர்கனோடு சேர்ந்து, யாரும் தன் குரலைக் காட்டாமல் பாடும் பாட்டு அது. பாக் அதன் நடுக்குரல்களில் எவ்வளவு வேதனையை ஒளித்து வைத்தாலும் மேல்வரியைத் தொடவில்லை; சபைக்காரர் யாரும் அடையாளம் கண்டுகொள்வார். மெங்கல்பெர்க் ஒவ்வொரு கோராலையும் ஒரு குட்டி நாடகமாக்குகிறார். சொல்லுக்குச் சொல் பெருக்கி, அடக்கி, வரி முடிவில் நிறுத்தி. பயிற்சி அபாரம், அவ்வளவு பெரிய கூட்டம் ஒரே மூச்சில் மெலிவது வியப்புத்தான். ஆனால் அது சபையின் குரலாக இல்லை, ஒரு மேதையின் கைவேலையாக இருக்கிறது. இயேசு உயிர்விட்ட பிறகு வரும் கோராலில் மட்டும் நான் வாதாடுவதில்லை. அங்கே அவர் எல்லாவற்றையும் அடக்குகிறார், அது பொருந்துகிறது.

நேரம் ஆகிவிட்டது, தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். மத்தேயு பாஷனை இதுவரை கேட்டிராதவர் இந்தப் பதிவில் தொடங்கக் கூடாது. படைப்பின் கணிசமான பகுதி இதில் இல்லை, இரண்டு குழுக்களின் உரையாடல் கேட்காது. நேரடிப் பதிவுதான் வேண்டும் என்றால் 2016இல் பீசா பேராலயத்தில் ஜான் எலியட் கார்டினர் நடத்தியதில் தொடங்குங்கள். வெட்டில்லை, இடம் வலம் தெரியும், வேகம் சிலருக்குக் கூடுதலாகப் படலாம். 1954இல் வியன்னாவில் ஃபுர்ட்வெங்லர் நடத்திய நேரடிப் பதிவையும் பலர் இதோடு சேர்த்துச் சொல்வார்கள். அதிலும் வெட்டுகள் உண்டு. இயேசுவாக வரும் ஃபிஷர்-டீஸ்காவுக்காகக் கேட்கலாம்; மூட்டுகளில் அது மெங்கல்பெர்க்கின் பக்கத்தில் வராது. படைப்பு முழுவதும் காதில் ஏறிய பிறகு, பேதுருவின் மறுதலிப்பிலிருந்து பிலாத்துவின் விசாரணை முடியும்வரை 1939 பதிவை நிறுத்தாமல் கேளுங்கள். எர்ப் சொல்வதையும், அவர் சொல்லி முடிப்பதற்குள் கூட்டம் பாய்வதையும் கவனியுங்கள். அந்தப் பகுதியில் இதற்கு இணையாக இன்னொரு பதிவு எனக்குத் தெரியாது. கோரால்களுக்கு ராமினின் சிறுவர்களிடம் போங்கள்.